பிராங்கைட்டிஸ்னு சொல்லி ஊசி போடாம அனுப்பிட்டாங்க, அம்மாவ வீட்ல எப்படி பாத்துக்கறது?

தம்பி, நீங்க கேட்டத மொதல்ல சுருக்கிச் சொல்லிடறேன், ஏன்னா இதே நெலமைல நெறைய வீடு இருக்கு. அம்மாவுக்கு 54 வயசு, ஏற்காடு மலைல நாகலூர் பக்கம் எஸ்டேட்ல காபி பறிக்கப் போறவங்க, பிபி மாத்திரை சாப்பிடறாங்க, சுகர் இல்ல. மூக்கொழுகல், ஒடம்புவலி, காய்ச்சல்னு ஆரம்பிச்சு காய்ச்சல் 3 நாள்ல விட்டுருச்சு, ஆனா இருமல் மட்டும் 10 நாளா நிக்கல, சளி பச்சையா வருது. கீழ சேலத்துல காட்டினதுக்கு டாக்டர் நெஞ்சு முதுகெல்லாம் ஸ்டெத் வச்சுப் பாத்துட்டு அக்யூட் பிராங்கைட்டிஸ், தானா சரியாயிரும், 3 வாரம் வரைக்கும் இருமல் இருக்கும்னு சொல்லி பாராசிட்டமாலும் ஒரு சிரப்பும் மட்டும் எழுதிக் குடுத்துட்டாரு. ஆன்டிபயாட்டிக் இல்ல, ஊசி இல்ல. பக்கத்து வீட்டு அக்கா "ஊசி கூட போடாதவரு என்ன டாக்டரு, வேற எடத்துல காட்டுங்க"ங்கறாங்க. நீங்க ஓசூர்ல வேலைல இருக்கீங்க, வீட்ல உங்க அக்காவும் அவங்க 2 வயசு கொழந்தையும் தான் கூட இருக்காங்க. அம்மாவ வீட்ல எப்படி பாத்துக்கறது, எப்ப பயப்படணும், இதான கேள்வி.

நான் சேலத்துல நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. டாக்டர் சீட்டு எழுதிக் குடுத்தப்பறம் வெளிய பெஞ்சுல உக்காந்துட்டு "ஏன் சிஸ்டர், அவரு ஒன்னுமே தரலயே"ன்னு கேக்கறவங்களுக்கு பதில் சொல்றதே எங்களுக்கு பாதி வேலைங்க. அதனால கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுமையா படிச்சு அக்காவுக்கும் சொல்லுங்க.

மொதல்ல, அந்த டாக்டர் பண்ணது சரி. நெஞ்ச வச்சுக் கேட்டு, நிமோனியா இல்லன்னு பாத்துட்டு, மூணு வாரம் ஆகும்னு உண்மைய சொல்லியும் அனுப்பியிருக்காரு, இந்தக் காலத்துல அது பெரிய விஷயம். அக்யூட் பிராங்கைட்டிஸ்ங்கறது நுரையீரலுக்குப் போற மூச்சுக்குழாயோட உள்பக்கத் தோல் வீங்கிப் புண்ணாகறது. 10 பேர்ல 9 பேருக்கு மேல இது வைரஸால தான் வருது, சாதாரண சளி வைரஸ், இன்ஃப்ளூயன்ஸா, ஆர்எஸ்வி, கொரோனா வகைங்கன்னு ஏதோ ஒன்னு. வைரஸ ஆன்டிபயாட்டிக் ஒன்னும் பண்ணாது. ஆன்டிபயாட்டிக் குடுத்தவங்களையும் குடுக்காதவங்களையும் வச்சு நெறைய ஆய்வு பண்ணியிருக்காங்க, எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா இருமல் கொறஞ்சது சுமாரா அரை நாள். அந்த அரை நாளுக்காக வயித்தால போறது, வாந்தி, அரிப்பு, அப்பறம் நாளைக்கு நெசமாவே தேவப்படறப்ப அந்த மருந்து கேக்காமப் போறது, இவ்ளோத்தையும் வாங்கிக்கணும்.

பச்சை சளி பத்தி கேட்டீங்க. இது தான் எல்லாரையும் பயமுறுத்தறது. மஞ்சளோ பச்சையோ வந்தா "உள்ள சீழ் புடிச்சிருச்சு"ன்னு நெனச்சுக்கறாங்க. அப்படி இல்லங்க. கிருமியோட சண்ட போட வர்ற வெள்ளை அணுக்கள்ள ஒரு பச்சை நிற என்சைம் இருக்கு, அந்த அணுக்கள் செத்து சளியோட சேந்து வெளிய வர்றப்ப அந்தக் கலர் வருது. வைரஸ்னாலும் அப்படித்தான் வரும், பாக்டீரியான்னாலும் அப்படித்தான் வரும். அதனால டெய்லி காலைல அம்மா துப்பினத போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பச் சொல்றதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. ரத்தம் கலந்து வந்தா மட்டும் சொல்லச் சொல்லுங்க, அது வேற கத. கலர விட்டுட்டு மூச்சப் பாருங்க, அத எப்படி பாக்கறதுன்னு பின்னாடி சொல்றேன்.

எவ்ளோ நாள்ங்கறது தான் அடுத்த பிரச்சனை. 2013ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு, ஜனங்ககிட்ட "இருமல் எத்தன நாள்ல போகும்"னு கேட்டா ஒரு வாரம், மிஞ்சிப் போனா 9 நாள்னு சொல்லியிருக்காங்க, ஆனா நெசத்துல சராசரியா 18 நாள் கிட்ட இருந்திருக்கு. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற அந்த 9, 10 நாள்ல தான் ஜனங்க ரெண்டாவது டாக்டர், மூணாவது மெடிக்கல், எக்ஸ்ரே, ஸ்கேன்னு அலையறது, அப்பறம் 16ஆவது நாள் யாரு குடுத்த மருந்து கைல இருக்கோ அதுக்குப் பேரு வந்துரும். உங்க அம்மா இப்ப சரியா அந்த நடுவுல தான் இருக்காங்க. வைரஸ் பெரும்பாலும் போயிருக்கும், ஆனா புண்ணான தோல் திரும்ப வளரணும், சளிய மேல தள்ளற அந்த நுண்ணிய முடிங்க திரும்ப மொளைக்கணும். 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயலப்ப ஏற்காடு ரோட்ல மண்ணு சரிஞ்சுது ஞாபகம் இருக்கா, மழை நின்னுருச்சு, ஆனா மண்ண அள்ளி பாறைய ஒடச்சு ரோட்ட சரி பண்றதுக்கு அப்பறமும் நாள் ஆச்சுல்ல, இதுவும் அப்படித்தான். அதுவரைக்கும் அந்தக் கொழாய் தொட்டாச்சிணுங்கியா இருக்கும், சிரிச்சா இருமல், போன்ல பேசினா இருமல், குளிர்ந்த காத்து பட்டா இருமல், தாளிக்கற வாசத்துக்கு இருமல். அது நோய் கூடுதுன்னு அர்த்தம் இல்ல.

அப்ப வீட்ல பண்றதுக்கு என்ன தான் இருக்கு? ரெண்டு வேல இருக்கு. கொழாய இன்னும் எரிச்சலாக்கற விஷயத்த வீட்ட விட்டு வெளியேத்தறது, அம்மாவுக்கு ராத்திரி தூக்கம் வர வைக்கறது. மத்ததெல்லாம் அதுக்கப்பறம் தான்.

எரிச்சல்னு சொன்னா மொதல்ல புகை. மலைல நான் பாக்கற பெரிய சிக்கல் இது தாங்க. கேஸ் இருந்தாலும் வெந்நீர் போடறதுக்கு விறகு அடுப்பு தான், காபிக் கவாத்து பண்ண குச்சி, சில்வர் ஓக் வெறகு, அதுவும் மழைக்காலத்துல பாதி ஈரமா இருக்கும், காலைல 5 மணிக்கு அத ஊதி ஊதி பத்த வைக்கறது யாரு, அம்மா தான். 10 நாளா இருமறவங்க டெய்லி அரை மணி நேரம் அந்தப் புகைல குந்திட்டு இருந்தா எந்த சிரப்பு என்ன பண்ணும்? இந்த மூணு வாரத்துக்கு வெந்நீர் அடுப்பு வேலைய அக்கா எடுத்துக்கட்டும், இல்ல கேஸ்லயே ஒரு குண்டான் தண்ணி காய வச்சுக்கட்டும், சிலிண்டர் ஒரு வாரம் முன்னாடி தீரும், தீந்துட்டுப் போகுது. கொசுவத்தி, ஊதுபத்தி, சாம்பிராணி எல்லாத்துக்கும் லீவு விடுங்க. நெஞ்சு சளிக்கு சாம்பிராணி போட்டா நல்லதுன்னு ஒரு நம்பிக்க இருக்கு, அத மொதல்ல விடணும். வீட்டுக்கு வர்றவங்க யாராவது பீடி குடிக்கறவரா இருந்தா திண்ணைலயும் வேணாம், தள்ளிப் போய்தான் குடிக்கணும், முழுசா விட்டுட்டா இன்னும் நல்லது. இன்னொன்னு, குளிருக்கு கரி அடுப்பு, கணப்பு எதையும் மூடின ரூம்ல வச்சுட்டு தூங்கவே கூடாது. அது இருமல் விஷயம் இல்ல, கார்பன் மோனாக்சைடு, தூக்கத்துலயே ஆள முடிச்சிரும்.

இதையே சேலத்துல கேக்கறவங்களுக்கு நான் சொல்றது வேற மாதிரி இருக்கும். வெள்ளிப்பட்டறைல கொலுசு பத்தவைக்கறவங்களுக்கு அந்தப் புகையும் ஆசிட் ஆவியும், விசைத்தறிக்காரங்களுக்கு பஞ்சுத்தூசி, ஓமலூர் பக்கம் கரும்பாலைல வெல்லம் காய்ச்சறவங்களுக்கு அந்த அடுப்புப் புகை. நான் பாத்தவரைக்கும் வேலைக்குப் போயிட்டே இருமல் நிக்கலன்னு சொல்றவங்கள்ல பாதிப்பேருக்கு காரணம் அங்க தான் இருக்கும். ஒரு வாரம் லீவு போட முடியாதவங்க மாஸ்க்காவது நல்லதா போடணும், துணிய மடிச்சு மூக்குல கட்டறதெல்லாம் ஆவிக்கு நிக்காது. உங்க அம்மாவுக்கு காலைல பனியில ஈரச் செடிக்குள்ள நனஞ்சுட்டு நிக்கறது தான் தொந்தரவு, குளிர்ந்த காத்து இருமலக் கிளப்பி விடும். மேஸ்திரிகிட்ட சொல்லி ஒரு வாரம் நின்னுக்கட்டும், அப்பறம் வெயில் ஏறினப்பறம் போற வேலையா கேட்டுப் பாருங்க. மூக்கையும் வாயையும் மூடி ஒரு துண்ட கட்டிக்கிட்டா உள்ள போற காத்து கொஞ்சம் சூடா போகும், அதுவே நல்லா உதவும்.

ராத்திரி இருமலுக்கு வருவோம். படுத்தவொடனே ஏன் அதிகமாகுதுன்னா மூக்குச் சளி தொண்டைக்குப் பின்னாடி எறங்குது, சிலருக்கு வயித்து அமிலமும் மேல ஏறுது. சாப்பாட்ட 7, 7:30க்குள்ள முடிச்சுட்டு ஒரு ரெண்டு மணி நேரம் கழிச்சு படுக்கட்டும். தலைக்கு மட்டும் ரெண்டு தலகாணி வச்சா கழுத்து வலி தான் மிஞ்சும், முதுகுல இருந்தே சாய்வா வர்ற மாதிரி ஜமுக்காளத்த மடிச்சு அடில குடுங்க. படுக்கறதுக்கு முன்னாடி ஒரு ஸ்பூன் தேன், அப்படியேவோ வெதுவெதுன்னு தண்ணிலயோ. குழந்தைங்கள வச்சுப் பண்ண ஆய்வுகள்லயே ராத்திரி இருமல் கொஞ்சம் கொறஞ்சிருக்கு, நம்ம பாட்டிங்க சும்மா சொல்லல. ஆனா ஒரு வயசு ஆகாத கொழந்தைக்கு ஒரு சொட்டு கூட நாக்குல தடவக் கூடாது, பாட்டுலிசம்னு ஒரு நரம்பு நோய் வரலாம். சுகர் இருக்கறவங்க தேன், பனங்கல்கண்டு எல்லாத்தையும் சர்க்கரையாவே கணக்கு பண்ணிக்கணும், இயற்கைன்னு சொன்னா மீட்டருக்குத் தெரியாதுங்க.

சுக்கு மல்லி காபி, மிளகு ரசம், தூதுவளை ரசம், கற்பூரவல்லி, நாட்டுக்கோழி சாறு, இதெல்லாம் குடுக்கலாமான்னு எல்லாரும் கேப்பாங்க. தாராளமா குடுங்க. சூடா ஏதாவது தொண்டைல எறங்கறப்ப எரிச்சல் அடங்குது, ஒடம்புல தண்ணிச் சத்து இருந்தா சளி எளகி வரும், வாய்க்கும் ருசியா இருக்கும். நோய இது கொணமாக்குதுன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க, நோய் தானா தான் போகுது. மிளக அள்ளிப் போட்டு வயித்த எரிய வச்சுக்கவும் வேணாம், மலைல மிளகுக்கு பஞ்சம் இல்லதான், அதுக்காக. தண்ணி கூடக் குடிக்கச் சொல்றது உங்க அம்மாவுக்கு சரி, ஆனா இதே பதில படிக்கற வேற யாருக்காவது ஹார்ட் வீக்கம், கிட்னி பிரச்சனை இருந்தா அவங்க டாக்டர் சொன்ன அளவ தாண்டாதீங்க. தயிர், வாழப்பழம், ஆரஞ்சு இதெல்லாம் குடுக்கக் கூடாதுன்னு ஒரு தட போடுவாங்க. பால், தயிர் சாப்பிட்டா சளி அதிகமாகாது, ஆரஞ்சுல ஒன்னும் ஆகாது. பிடிச்சா சாப்பிடட்டும், பட்டினியா கெடக்கறதுக்கு இது எவ்வளவோ மேல். ஆனா தட்டுவடை செட்டு மாதிரி பொடிப்பொடியா ஒதிர்றத இந்த நேரத்துல வாய்ல போட்டா ஒரு துகள் தொண்டைல பட்டு பத்து நிமிசம் இருமிட்டு இருப்பாங்க, அத வேணா தள்ளிப் போடலாம்.

ஆவி பிடிக்கறது. நொச்சி எல, மஞ்சள் போட்டு போர்வைய மூடிக்கிட்டு... மூக்கடைப்புக்கு கொஞ்ச நேரம் சுகமா இருக்கும், அவ்ளோதான், நெஞ்சுக்குள்ள போய் அது ஒன்னையும் கரைக்கறதில்ல. நான் ஏன் இதுல கறாரா இருக்கேன்னா கொதிக்கற தண்ணி கவுந்து தொட, வயிறு வெந்து வந்தவங்கள நெறைய பாத்துட்டேன், அதுல கொழந்தைங்க அதிகம். அம்மா பிடிக்கணும்னு ஆசப்பட்டா பாத்திரத்த அடுப்புல இருந்து எறக்கி தரைல ஆடாம வச்சுட்டு 5 நிமிசம் பிடிக்கட்டும், அந்த நேரம் கொழந்தைய அக்கா வெளிய தூக்கிட்டுப் போயிரணும். கொழந்தைக்கு ஆவி வேணவே வேணாம். கற்பூரத்த எண்ணெய்ல காய்ச்சி சின்னக் கொழந்தை நெஞ்சுல தேய்க்கறதும் வேணாம், அது வாய்க்குள்ள போச்சுன்னா வலிப்பு வரும்.

இருமறதுக்கும் ஒரு மொற இருக்குங்க, இத யாரும் சொல்லித் தர மாட்டாங்க. தொண்ட கிழியற மாதிரி தொடர்ந்து இருமினா சளி வராது, கொழாய் தான் இன்னும் வீங்கும். நேரா உக்காந்து, மூக்கு வழியா நிதானமா மூச்ச இழுத்து, ஒரு ரெண்டு வினாடி நிறுத்தி, வாய நல்லாத் தொறந்து "ஹா"ன்னு காத்த வேகமா தள்ளணும், தொண்டைல சத்தம் போடாம வயித்த அமுக்கி. ரெண்டு மூணு தடவ இப்படி பண்ணிட்டு அப்பறம் ஒரே ஒரு இருமல், சளி தானா மேல வந்துரும். காலைல எந்திரிச்சு சூடா ஏதாவது குடிச்சப்பறம் பண்ணா நல்லா வரும். விலா வலிக்குதுன்னா தலகாணிய நெஞ்சோட கட்டிப் பிடிச்சுட்டு இருமச் சொல்லுங்க, ரெண்டு வாரம் இருமினா விலாச் சதை வலிக்கத்தான் செய்யும்.

இன்னொரு விஷயம், இத மகன்கிட்ட சொல்ல மாட்டாங்க, அதனால அக்காவ விட்டு கேக்கச் சொல்லுங்க. இந்த வயசுல, ரெண்டு மூணு பிரசவம் ஆன பொம்பளைங்களுக்கு இருமறப்ப சிறுநீர் கசியும். அதுக்குப் பயந்துட்டு தண்ணியே குடிக்காம இருப்பாங்க, எங்கயும் வெளிய போக மாட்டாங்க, நாம இருமலால தான் சோர்ந்து கெடக்கறாங்கன்னு நெனச்சுட்டு இருப்போம். இருமல் வருதுன்னு தெரிஞ்சவொடனே சிறுநீர அடக்கற சதைய இறுக்கிப் பிடிச்சுக்கணும், நிக்கறப்பன்னா கால பின்னிக்கலாம், இந்த மூணு வாரம் பேடு வச்சுக்கலாம். வெக்கப்படறதுக்கு இதுல ஒன்னுமில்ல, இருமல் போனாப் பெரும்பாலும் கொறஞ்சிரும், கொறயலன்னா அதுக்கு தனியா பயிற்சி இருக்கு.

மாத்திரைக்கு வர்றேன். பாராசிட்டமால் காய்ச்சலுக்கும் ஒடம்பு வலிக்கும் மட்டும் தான், இருமலுக்கு இல்ல. இப்ப காய்ச்சல் இல்ல, வலியும் இல்லன்னா அத நிறுத்திடலாம். தேவப்பட்டா 500 அல்லது 650, ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் 6 மணி நேர இடைவெளி, நாளைக்கு 4 தடவைக்கு மேல வேணாம். இதுல ஒரு பொறி இருக்கு: சளிக்குன்னு மெடிக்கல்ல குடுக்கற கூட்டு மாத்திரைங்கள்ல ஏற்கனவே பாராசிட்டமால் இருக்கும், அதையும் போட்டு டோலோவையும் போட்டா ரெண்டு மடங்கு போயிரும், ஈரலுக்கு ஆகாது. அந்தக் கூட்டு மாத்திரைல மூக்கடைப்புக்குன்னு ஃபினைல்எஃப்ரின் இருக்கும், பிபிய ஏத்தும், உங்க அம்மாவுக்கு வேணாம். சளிய நிறுத்தற குளோர்ஃபெனிரமின் தூக்கம் தரும், அத போட்டுட்டு யாராவது பைக்க எடுத்து 20 கொண்ட ஊசி வளைவுல எறங்கினா என்ன ஆகும்னு யோசிச்சுக்குங்க.

சிரப்பு பெருசா ஒன்னும் பண்ணாதுங்க, உண்மையச் சொல்லணும்னா. டாக்டர் எழுதினத அந்த அளவுல குடிக்கட்டும், தீந்துச்சுன்னா இன்னொரு பாட்டில் வாங்கணும்னு இல்ல. சால்பியூட்டமால், டெர்பியூட்டலின் கலந்த சிரப்பா இருந்தா கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், அது வீசிங் இருக்கறவங்களுக்குத்தான் வேல செய்யும். படபடப்பு இருந்தா நிறுத்திட்டு டாக்டர்கிட்ட கேளுங்க. முக்கியமா, அம்மாவோட சிரப்ப கொழந்தைக்கு கால் ஸ்பூன்னு ஊத்திராதீங்க. 2025 செப்டம்பர், அக்டோபர்ல மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பக்கம் கொழந்தைங்க கிட்னி செயலிழந்து செத்துப் போனாங்களே, அந்த சிரப்பு நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரானது, டைஎத்திலீன் கிளைக்கால்ங்கற விஷம் அதுல இருந்துச்சு. அந்த அக்டோபர்லயே மத்திய சுகாதாரத் துறை 2 வயசுக்குக் கீழ இருமல் சளி மருந்தே கூடாது, 5 வயசுக்குக் கீழ பொதுவா வேணாம்னு சொல்லியிருக்கு. விஷமே இல்லாத நல்ல சிரப்பா இருந்தாலும் அந்த வயசுக்கு அதால பலன் இல்ல.

மெடிக்கல்ல பிரிச்சு பேப்பர் கவர்ல போட்டு "ரெண்டு வேளைக்கு" குடுக்கறாங்களே, அத மட்டும் வாங்கவே வாங்காதீங்க. அதுல என்ன இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, நாளைக்கு எங்களுக்கும் தெரியாது. ஒரு ஆன்டிபயாட்டிக் ரெண்டு நாளைக்கு, ஒரு ஸ்டீராய்டு, ஒரு அலர்ஜி மாத்திரை, இப்படித்தான் பெரும்பாலும் இருக்கும். ஸ்டீராய்டு போட்டா மறுநாளே ஒடம்பு தெம்பா இருக்கும், அதுல தான் ஜனங்க ஏமாறறது, பசி எடுக்கும், சுகர் எகிறும், பிபி ஏறும். பக்கத்து வீட்டு அக்கா சொல்ற "வேற எடத்து ஊசி"யும் அனேகமா அது தான். அட்டைல சிவப்புக் கோடு இருக்கற மாத்திரை எதுவா இருந்தாலும் சீட்டு இல்லாம வாங்கக் கூடாது, அசித்ரோமைசின் உட்பட. அதுக்காக ஆன்டிபயாட்டிக்கே கூடாதுன்னு நான் சொல்லல. நிமோனியா, கக்குவான், ஏற்கனவே புகையால நுரையீரல் கெட்டுப்போனவங்க, இவங்களுக்கு அது வேணும், அத முடிவு பண்ணத்தான் டாக்டர் ஸ்டெத்த வச்சுப் பாத்தாரு.

இப்ப மூச்ச எண்ணறது. அம்மா டிவி சீரியல் பாத்துட்டு அமைதியா உக்காந்திருக்கறப்ப அக்கா பக்கத்துல உக்காரட்டும், "மூச்ச எண்றேன்"னு சொல்லக் கூடாது, சொன்னா அவங்க மூச்சே மாறிரும். போன்ல 60 வினாடி டைமர் வச்சுட்டு வயித்துல சேல ஏறி எறங்கறத எண்ணணும், ஒரு தடவ ஏறி எறங்கினா ஒன்னு. முழு நிமிசமும் எண்ணுங்க, பதினஞ்சு வினாடி எண்ணி நாலால பெருக்கற வேல வேணாம். பெரியவங்களுக்கு 12ல இருந்து 20 வரைக்கும் சாதாரணம். 24 தாண்டினா அன்னைக்கே காட்டணும், 30 கிட்டன்னா யோசிக்காம ஒடனே கெளம்பிருங்க. மாடிப்படி ஏறினவொடனே, இருமி முடிச்சவொடனே எண்ணாதீங்க. ஒரு முழு வாக்கியத்த நடுவுல மூச்சு வாங்காம சொல்ல முடியுதான்னும் பாக்கணும், அத நீங்க ஓசூர்ல இருந்து போன்லயே கண்டுபிடிக்கலாம். பேசறப்ப இருமறது வேற, ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவ நிறுத்தி மூச்சு இழுக்கறது வேற.

கொரோனா சமயத்துல வாங்கின ஆக்சிஜன் மீட்டர் வீட்ல இருந்தா அதையும் பயன்படுத்தலாம். ஆனா ஏற்காட்டுக் காலைக் குளிர்ல வெரல் ஜில்லுன்னு இருக்கறப்ப போட்டா 88, 89னு காட்டி வீட்டையே அலற வைக்கும். கைய நல்லா தேச்சு சூடு பண்ணி, மருதாணி, நெயில் பாலிஷ் இல்லாத வெரல்ல மாட்டி, ஒரு நிமிசம் ஆடாம இருந்து நம்பர் நின்னப்பறம் பாக்கணும். ஏற்காடு கடல் மட்டத்துல இருந்து 1500 மீட்டர் ஒசரம், அதனால 95, 96னு காட்டினா அது ஒன்னும் குறைவு இல்ல. சூடான வெரல்லயும் திரும்பத் திரும்ப 94க்குக் கீழ வந்தா டாக்டர பாக்கணும்.

கூட இதெல்லாம் வந்தாலும் காத்திருக்க வேணாம்: விட்ட காய்ச்சல் திரும்ப ஏறி 101, 102னு நிக்கறது, குளிர் நடுக்கம், மூச்ச இழுத்தா ஒரு பக்கம் மட்டும் குத்தற வலி, ரத்தம், ஆளு கொழம்பிப் பேசறது, படுக்கவே முடியாம உக்காந்துட்டே இருக்கறது, கால் வீக்கம். வயசானவங்களுக்கு சில சமயம் காய்ச்சலே வராது, சாப்பிடாம சுருண்டு படுத்துக்கறதே அறிகுறியா இருக்கும். மலைல இருக்கறவங்க இன்னொன்னையும் கணக்குல வச்சுக்கணும், மத்தியானமே சந்தேகம் வந்தா மத்தியானமே கெளம்பிருங்க, "காலைல பாத்துக்கலாம்"னு இருந்துட்டு ராத்திரி 11 மணிக்கு மூடுபனில வண்டி தேடறது பெரிய கொடும. மொதல்ல ஏற்காடு அரசு ஆஸ்பத்திரில காட்டலாம், அவங்க தேவன்னா சேலம் ஜிஎச்சுக்கு அனுப்புவாங்க. மூச்சுத் திணறல்னா சொந்தமா கார் பிடிக்காம 108ஐ கூப்பிடுங்க, அதுல ஆக்சிஜன் இருக்கும். அவசரம் இல்லாத சந்தேகத்துக்கு 104.

கொழந்தைய பத்தி ஒரு வார்த்த. அம்மாவுக்கு சாதாரண இருமலா வந்த அதே வைரஸ் கொழந்தைக்கு வந்தா சின்னக் கொழாய் அடைச்சுக்கும். அம்மா மாஸ்க் போட்டுக்கட்டும், கை கழுவாம கொழந்தைக்கு ஊட்ட வேணாம், கொஞ்ச நாளைக்கு பேரக்கொழந்தைய பக்கத்துல போட்டுத் தூங்க வேணாம், மனசு கேக்காது, ஆனாலும். கொழந்தைக்கு இருமல் வந்தா அதுக்கும் மூச்ச எண்ணுங்க, 1ல இருந்து 5 வயசு வரைக்கும் நிமிசத்துக்கு 40ஓ அதுக்கு மேலயோ இருந்தா, இல்ல மூச்சு விடறப்ப விலாவுக்குக் கீழ உள்ள இழுத்தா, பால் தண்ணி குடிக்கலன்னா ஒடனே காட்டணும்.

இருமல் 2 வாரம் தாண்டினா சளி டெஸ்ட் குடுத்துருங்க, டிபி இல்லன்னு பாத்துக்கறதுக்கு. மூணு வாரம் ஆகும்னு நீங்களே சொல்லிட்டு இப்ப ரெண்டு வாரத்துல டெஸ்ட்டாங்கறீங்களா? நம்ம நாட்ல டிபி அதிகம், அதனால 2 வாரத்துக்கு மேல இருமற யாரா இருந்தாலும் பாத்துரணும்னு வச்சிருக்காங்க, அரசு ஆஸ்பத்திரில ஃப்ரீ தான். பெரும்பாலும் ஒன்னும் இருக்காது. எச்சில குடுக்காம காலைல எந்திரிச்சவொடனே வாய கொப்பளிச்சுட்டு ஆழமா இருமி வர்ற கெட்டிச் சளிய குடுக்கணும், நெறைய பேரு எச்சிலத் துப்பிக் குடுத்துட்டு டெஸ்ட்ட வீணாக்கறாங்க. எடை கொறஞ்சா, சாயங்காலம் சாயங்காலம் காய்ச்சல் வந்தா, ராத்திரி வேர்த்து நனஞ்சா 2 வாரம்லாம் பாக்காம முன்னாடியே குடுங்க. டிபி இல்லன்னு வந்துட்டு இருமல் மட்டும் கொறஞ்சுக்கிட்டே 5, 6 வாரம் இழுத்தா அதுவும் சில பேருக்கு உண்டு, 8 வாரம் தாண்டினா கண்டிப்பா நெஞ்சு டாக்டர பாக்கணும். அம்மாவுக்கு வருசா வருசம் பனிக்காலத்துல இதே மாதிரி "பிராங்கைட்டிஸ்" வருதுன்னா, ராத்திரில விசில் சத்தம் வருதுன்னா, அது எளப்பு நோயா, அதாவது ஆஸ்துமாவா இருக்கலாம், ஊதிப் பாக்கற டெஸ்ட் ஒன்னு இருக்கு, அதையும் எடுத்துரணும். இன்ஹேலர்னு சொன்னவொடனே பயப்படாதீங்க, சிரப்ப விட கொறஞ்ச மருந்து, நேரா போக வேண்டிய எடத்துக்கே போகும்.

கடைசியா ஒன்னு, உங்க கேள்விலயே இருந்துச்சு, நீங்க கண்டுக்கல. பிபி மாத்திரை. எனாலபிரில், ராமிபிரில், லிசினோபிரில்னு ஒரு வகை இருக்கு, அது சில பேருக்கு விடாத வறட்டு இருமலத் தரும், ஆரம்பிச்சு சில மாசம் கழிச்சுக் கூட வரும். அம்மாவோடது சளியோட ஆரம்பிச்ச இருமல்தான், அதனால இது காரணம்னு நான் சொல்லல, ஆனா சளி நின்னப்பறமும் தொண்டைல கெச்சு கெச்சுன்னு இருமிட்டே இருந்தா இதையும் பாக்கணும். நீங்களா நிறுத்திராதீங்க, பிபி எகிறிரும், டாக்டர்கிட்ட சொன்னா வேற வகைக்கு மாத்திக் குடுப்பாரு. அக்காவ அந்த மாத்திரை அட்டையோட பின்பக்கத்த போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, மருந்து பேரும் எப்ப இருந்து சாப்பிடறாங்கன்னும் சொன்னீங்கன்னா பாத்துச் சொல்றேன்.